ரெண்டு விசில்

காலில் மாவுக்கட்டோடு இரண்டு மாதம் கட்டிலில் கிடந்த கண்டக்டர் ஆரோக்கியராஜுக்குப் பொழுதே போகவில்லை. அடிக்கடி கரண்ட் போய்விடுவதால் டிவியும் கிடையாது. டூட்டி விசிலை எடுத்து ஊதத் தொடங்கினார். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விசில்; குடித்த டம்ளரை எடுத்துப்போக ரெண்டு.

“காது கிழியுது! நீங்க எப்ப டூட்டிக்குப் போவீங்களோ, அப்பதான் எனக்கு நிம்மதி” என்று மனைவி பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்து, டூட்டியில் சேர்ந்து நாலாம் நாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர், முன் சீட்டில் இருந்த பெண்ணிடம் நிமிராமலே கேட்டார்.

“எங்கம்மா போவணும்?”

“சிதம்பரம் ஒண்ணு.”

குரல் கேட்டு நிமிர்ந்தார். பிலோமினா!

“சிதம்பரத்துல நமக்கு யாருடி இருக்காங்க?”

“யாருமில்ல. வூடு வெறிச்சுனு கெடக்குது, உக்கார முடியல. விசில ஊதுங்க, கேப்போம்.”