ஐந்து நிமிடம் முந்தும் கடிகாரம்

மணிக்கூண்டில் முள் ஒன்பதைத் தொடப்போகிறது. பஸ் ஒன்பதுக்கு.

அவள் அவசரப்படவில்லை.

இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை. கால் கெஞ்சியது. பொதுக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று புடவைக் கொசுவத்தை மறுபடி மடித்துச் செருகினாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்துப் பெருநகரில் அவள் உறுதிமொழி சொல்ல வேண்டும். சொன்னால் பிரிட்டன் குடிமகள். போன முறை விடுப்புக் கிடைக்கவில்லை. இனித் தவணை தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்.

இந்த ஊர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். பழுதல்ல. சந்தைக்கு மாடு கொண்டுவந்தவர்கள் பேரம் பேசிப் பேசி ரயிலைத் தவறவிட்ட காலத்தில் வேண்டுமென்றே முன்னால் தள்ளிவைத்தது.

ரயில் போயிற்று. தண்டவாளமும் போயிற்று. மாட்டுச் சந்தையில் கார்கள் நிற்கின்றன.

ஐந்து நிமிடம் மட்டும் தங்கிவிட்டது. ஊரே மனதுக்குள் கழித்துக்கொள்ளும்.

முதல் குளிர்காலத்தில் அவளுக்கு இது தெரியாது. முன்னதாகவே வந்து நிறுத்தத்தில் விறைத்து நிற்பாள். கறிக்கடை வைத்திருந்த ஹாப்லி கிழவர் சிரிப்பார்.

"வெளியூர்க்காரங்கதாம்மா அதை நம்புவாங்க."

இப்போது நிதானமாக நடந்தாள். சந்தைக் கல்மண்டபத்தைக் கடந்து, பழைய தானியக் கூடத்தின் மூலையில் திரும்பினாள்.

பஸ்ஸின் முதுகு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

கையசைத்தாள். நிற்கவில்லை. பின்கண்ணாடியில், நேற்றெல்லாம் ஊரைப் படம் எடுத்துத் திரிந்த சுற்றுலாத் தம்பதியின் தலைகள் தெரிந்தன.

தடியை ஊன்றியபடி ஹாப்லி மூச்சிரைக்க வந்து நின்றார். காலிச் சாலையைப் பார்த்தார்.

இருவரும் ஒன்றாக அண்ணாந்தார்கள்.

மணிக்கூண்டின் ஏணியிலிருந்து ஒரு பணியாளர் இறங்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ வரவழைத்த ஆள். கேட்காமலே விளக்கினார்.

"காலையிலதான் சரிபண்ணேன். முள்ளைப் பின்னால தள்ளக் கூடாது, சக்கரத்துப் பல்லு போயிடும். ஊசலைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் நிறுத்தினா போதும். அப்புறம் விட்டுடணும். பாருங்க, இனிமே துல்லியமா ஓடும்."



ஹாப்லி பெஞ்சில் உட்கார்ந்தார். தடியை எடுத்து அந்தப் பக்கம் வைத்து இடம் விட்டார்.

"சரிபண்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அவளிடம்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொசுவம் கலைந்திருந்தது.

சரிசெய்யவில்லை.