இருட்டு கேட்டவர்

"அந்த லைட் எரியிற வரைக்கும் ஒண்ணும் விழாது" என்றான் பஸ்லி.

பஸ்லிக்கு மாத்தளை டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை. அமாவாசை வந்தால் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு நெபுலா படம் எடுக்கக் கிளம்பிவிடுவான். நெபுலா என்றால் வானத்தில் எங்கேயோ கிடக்கிற வாயு மேகம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் மணிக்கணக்காகக் கமெரா பார்த்துக்கொண்டே இருந்தால்தான் படத்தில் விழும்.

இதற்கு முன் மூன்று அமாவாசைக்கு ரிவர்ஸ்டன் மலைப்பாதைக்கு வந்திருந்தான். மூன்றிலும் மூடுபனி. இன்றைக்கு வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் பாதைக்குக் கீழே ஒரு வீட்டில் பெரிய விளக்கு, மலையையே பகலாக்கிக்கொண்டிருந்தது.

"போய்க் கேட்டுப் பாப்பமே, மச்சான்" என்றான் ஹாஷிம். பஸ்லியின் மனைவி துணைக்கு அனுப்பிய அவள் தம்பி.

கதவைத் திறந்தவர் பெயர் அழகுமுத்து. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்.

"அண்ணே, லைட்ட கொஞ்சம் அணைக்க ஏலுமா? ஒரு படம் எடுக்கணும்."

"இருட்டுலயா சேர் படம் எடுக்கப் போறீங்க?"

"இருட்டுலதான் விழும். குதிரைத்தலைன்னு ஒண்ணு."

"இங்க ஏது சேர் குதிரை?"

பஸ்லி மேலே கையைக் காட்டினான். அழகுமுத்து வானத்தைப் பார்த்தார். பிறகு ஹாஷிமைப் பார்த்தார். ஹாஷிம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"மூணு மணி வரைக்கும்."

அழகுமுத்து கொஞ்சம் யோசித்தார். உள்ளே போனார். விளக்கு அணைந்தது.

பஸ்லிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியொரு வானம்.

முதல் படம் ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

டங். டங். டங்.

ஹாஷிம் துள்ளியதில் கால் கமெரா முக்காலியில் பட்டது. அந்தப் படம் போயிற்று.

"என்ன மச்சான் அது?"

"தகரம் தட்டுறார். லைட்ட அணைக்கச் சொன்னமே, அந்தக் கோவம்."

"நல்ல மனுசனாத்தானே இருந்தார்?"

"மூஞ்சிக்கு முன்னால நல்ல மனுசன்தான்."

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் டங் டங். கமெரா ஓடும் நேரத்தில் கண்ணயரலாம் என்று பார்த்தால் விடவில்லை. பொறுக்க முடியாமல் பஸ்லி கீழே பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்."

"சரிங்க சேர்" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது.

கால் மணி நேரம் அமைதி. பிறகு டங் டங். இந்த முறை மெதுவாக, கொஞ்சம் தள்ளிப்போய்.

"பாத்தியா, வேணும்னே செய்றார்" என்றான் பஸ்லி.

மூன்று மணிக்குக் குதிரைத்தலை மலைக்குப் பின்னால் இறங்கியது. கழுத்தில் மாட்டியிருந்த கமெராவைத் தவிர எல்லாவற்றையும் கட்டிக் காரில் வைத்தார்கள்.

"வா. ரெண்டு வார்த்த கேட்டுட்டுத்தான் போகணும்."

டோர்ச் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனார்கள். மரவள்ளிப் பாத்தி ஓரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் நசுங்கிய தகரம், கையில் தடி. அவர் மனைவி மங்களேஸ்வரி பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணே, ராத்திரி பூரா..." என்று ஆரம்பித்தான் பஸ்லி.

"காட்டுப்பன்னி சேர்" என்றாள் மங்களேஸ்வரி. "லைட் எரிஞ்சா கிட்ட வராது. போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் இல்ல, பாதிக் கிழங்கத் தோண்டிப் போட்டுருச்சு. இன்னைக்கி நீங்க இருட்டு கேட்டீங்களா, அதான் இவரு தட்டிக்கிட்டு இருக்காரு."

பஸ்லி டோர்ச்சைத் தாழ்த்தினான். ஹாஷிம் டீயை வாங்கிக்கொண்டான்.

என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்லி கமெராவை நீட்டினான். திரையில் மங்கிய சிவப்புக்கு நடுவில் சின்னதாக ஒரு கறுப்பு. அழகுமுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் குதிரையா சேர்?"

"ஆமா அண்ணே."

"மொகம் சரியாத் தெரியலயே. இருட்டு பத்தலயோ?"

பஸ்லி கமெராவை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த அமாவாசைக்கும் வந்து எடுங்க சேர்" என்றார் அழகுமுத்து. "மொத நாளே ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருங்க. பகல்லயே தூங்கி வச்சுக்கிறேன்."