அன்றாடத் தேவை

காரைப் பற்றிப் பேச்செடுத்தால் வேணியின் கணவன் குணாளனுக்கு வாய் ஓயாது.

"பேட்டரி எப்பவும் நிறைஞ்சே கிடந்தா சீக்கிரம் கெட்டுடும். அதான் நாம தினம் எவ்வளவு தூரம் போறோம்னு கார் தானாவே கத்துக்குது. அதுக்கு மேல இருக்கற கரண்ட்டைத் தெருவோட பொது பேட்டரிக்குக் கொடுத்துடும்."

"அப்போ என்னைவிட அதுக்குத்தான் உங்களை நல்லாத் தெரியும்" என்று சிரிப்பாள் வேணி.

கடலூரில் அந்த வாரம் முழுக்க மழை விடுமுறை. மின்கம்பங்கள் சாய்ந்தும் தெருவில் ஒரு வீடுகூட இருளவில்லை. எல்லார் வீட்டுக் கார்களும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை மதியம் குணாளன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். வேணி அவனைத் தாங்கிப்பிடித்துக் காரில் ஏற்றினாள். கார் நகரவில்லை. ஒரு வாரமாக எங்கும் போகாதவர்களுக்குத் தேவை பூஜ்யம் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. தெரு பேட்டரியிலிருந்து மறுபடி சார்ஜ் ஏற மாலையாகிவிடும்.

எதிர்வீட்டுக்கு ஓடினாள். "சேவியர் அண்ணே, உங்க காரை எடுங்க! அவருக்கு மூச்சு வாங்குது!"

சேவியர் தன் காரின் சார்ஜ் அளவைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்தார்.

"நாங்களும் எங்கேயும் போகலையேம்மா" என்றார்.

அவர் வீட்டுக்குள் டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.