மச்சானைக் குணமாக்கிய மருந்து

“அன்பு, இந்த பல்பு இன்னா, மூஞ்ச மஞ்சளா காட்டுது?” என்றார் என் கணவர் ஆபிரகாம். கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எலக்ட்ரீஷியன். புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு பல்பை மாற்ற மட்டும் அவருக்கு நேரம் வராது.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. பல்பில் ஒரு குறையும் இல்லை. கண்கள்தான் மஞ்சளாக இருந்தன.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஹெலன் டீச்சர் செங்கல்பட்டில் ஒரு கல்லீரல் டாக்டரின் பெயரைக் கொடுத்தார். இன்னும் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று பேரும் அவரையே சொன்னார்கள். வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டேன்.

புதன்கிழமை சாயந்திரம் என் அண்ணன் ஜெபக்குமார் வந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்கும் இதே மாதிரி கண் மஞ்சளானது. கோவளம் பக்கத்து நாட்டு வைத்தியர் கொடுத்த பச்சிலையில் குணமானான் என்று ஊரே சொல்லும். அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த வருஷம்தான்.

“லிவர் டாக்டரா? வெளியில தெரிஞ்சா இன்னா பேசுவானுங்க? குடிச்சுக் கெடுத்துகினான்னுதான்.”

“அவரு பீர்கூட தொட்டதில்லையேண்ணா.”

“அது ஊருக்குத் தெரியுமா? உனக்கும் ஒரு பொண்ணு கீறா. நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவன் கேக்க மாட்டானா?”

ஆபிரகாம் சிரித்தார். “உங்கண்ணன் எதிர்ல குத்துக்கல்லாட்டம் கீறாரு. அவரு துன்ன மருந்தையே நானும் துன்றேன், வுடு.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. “சத்தியமா சொல்லுண்ணா. அதுலதான் உனக்கு சரியாச்சா?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னான். “ஏழே வேள, மாப்ள. மோர்சோறு மட்டும் துன்னணும்.”

டோக்கனை ரத்து செய்தேன்.

வைத்தியரிடம் அண்ணனே கூட்டிப் போவதாகப் பேச்சு. “திங்கக்கெழம எனக்கு ஆவாது. செங்கல்பட்டுல உபவாச ஜெபம்” என்றான். மாதத்தின் முதல் திங்கள் வெறும் வயிற்றோடு விடிகாலை பஸ் ஏறிவிடுவான். மழையோ புயலோ, ஒரு மாதம்கூட விட்டதில்லை. நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

ஏழு வேளை பதினான்கானது. ஐந்தாவது வாரம் வயிறு உப்பி, ரத்தமாக வாந்தி எடுத்தார். அந்தச் செங்கல்பட்டு டாக்டரிடமே ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

“ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா” என்றார் டாக்டர்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. “என்னால அவர அப்டி பாக்க முடியாது” என்று போனில் அழுதான். மூன்றாம் நாள் ஆபிரகாம் போய்விட்டார். கல்லறை வரைக்கும் பெட்டியைத் தோளில் சுமந்தவன் அண்ணன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய சிகிச்சைக் காகிதங்களை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரின் அறைக்கு வெளியே அண்ணன் உட்கார்ந்திருந்தான். எனக்குத் துணையாக வந்திருக்கிறான் என்று நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது.

அவன் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. மடியில் தடித்த ஃபைல்.

நர்ஸ் அந்த ஃபைலை வாங்கிப் புரட்டினார். “கண்ணு மஞ்சளா கீதுன்னு பயந்துகினு வந்தவரு, மூணே வருஷத்துல எப்டி தேறிட்டீங்க, ஜெபக்குமார் சார். எல்லாரும் உங்களாட்டம் டாக்டர் சொல்றத கேட்டா போதும்.”

அண்ணன் தலையாட்டிக்கொண்டே திரும்பினான். என்னைப் பார்த்தான். எழுந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“பொண்ணோட மாமியார் வூட்ல சொல்லிடாத, அன்பு.”