விஜயலெட்சுமியின் தீபாவளி

பனிமூட்டம் தேயிலை மலையை விட்டு மெல்ல விலகுகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் பலகை போட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு விஜயலெட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். போன தீபாவளிக்கு முறுக்குச் சட்டியின் முன்னாலேயே மயங்கி விழுந்தவள். அதனால் இந்த வருஷம் பலகாரமே வேண்டாம், பாயாசம் மட்டும் போதும் என்று, லுணுகலை நகரத்துக் கடையொன்றில் வேலை செய்யும் மகள் துஷாந்தினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டில் வடை பொரியும் வாசம் வரும்போதெல்லாம் விஜயலெட்சுமியின் கைகள் மடியில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கின்றன. “ஆளுங்க வந்தா என்னத்தக் குடுக்கிறது?” என்கிறாள். “பாயாசம் குடுப்போம்மா. தலையக் குனிங்க,” என்கிறாள் பின்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் துஷாந்தினி. காய்ச்சிய நல்லெண்ணெய் உச்சந்தலையில் இளஞ்சூடாக இறங்குகிறது. எல்லோருக்கும் எண்ணெய் வைத்துவிட்டு, கிண்ணத்தில் ஒட்டியிருப்பதைத் தானே வழித்துத் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவதுதான் விஜயலெட்சுமிக்கு இத்தனை வருஷத் தீபாவளி. துஷாந்தினியின் விரல்கள் முன்தலையில் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு அழுத்தி அழுத்தி, முடி தேய்ந்து பள்ளமாகிப்போன இடம். இதுவரை மகள் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. “வலிக்குதாம்மா?” “இப்ப இல்ல.” மகள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேய்க்கிறாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்கிறது. பாதி எழுந்துவிட்ட விஜயலெட்சுமியின் தோளை மகள் அழுத்துகிறாள். “நான் பாத்துக்கிறேன், நீ இரு புள்ள,” என்று அடுப்படியிலிருந்து கணவன் புவனேந்திரன் குரல் கொடுக்கிறான். அவள் மறுபடி உட்காருகிறாள். கண்களை மூடிக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம் வையி,” என்கிறாள்.