நிழலுக்கான டெவலப்பர்

இரண்டு பாட்டில்களும் மேசை மேல் இருந்தன. அவள் எதையும் தொடவில்லை.

ஃபிலிம் டேங்குக்குள் இருந்தது. இருட்டில் சுருட்டி, மூடியைத் திருகி, விளக்கையும் போட்டாயிற்று. இனி படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பரை ஊற்ற வேண்டியதுதான்.

எதை என்பதுதான் கேள்வி.

இடது பக்கம் இருந்தது ஸ்டூடியோவின் அன்றாடச் சரக்கு. முரட்டு டெவலப்பர். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, சடங்கு எல்லாம் அதில்தான். சீக்கிரம் வேலை முடியும். வெள்ளை வெளேரென்று வரும், கறுப்பு கன்னங்கரேலென்று வரும். நிழலில் இருப்பதை அது கண்டுகொள்ளாது.

வலது பக்கம் இருந்தது காலையில் அவளே கலக்கியது. மெதுவானது. நீர்க்க ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வெகுநேரம் வைக்க வேண்டும். நிழலுக்குள் துளி வெளிச்சம் பட்டிருந்தால் போதும், அதைத் தேடிப் பிடித்து இழுத்து வந்துவிடும்.

ஒரே ரோல். ஊற்றியபின் மாற்ற முடியாது.

கதவுக்கு வெளியே பால்பாண்டி இருமினான். மில் சங்கத்து ஆட்கள் இன்னும் மூன்று பேர் அவனோடு பெஞ்சில் இருந்தார்கள்.

"மதினி, அண்ணன் மூஞ்சி மட்டும் தெரிஞ்சிருச்சுன்னு வைங்க. நாங்க புடிக்கவே இல்லன்னு சொன்ன போலீஸ்காரனுகளைக் கோர்ட்டுல நாறடிச்சிரலாம்."

"ஏலே, அவுகளை வேலை பாக்க விடு. நீ இருமுற இருமலுக்குப் படமே ஆடிப்போயிரும்."

பெஞ்சில் இன்னொருவன் அவனை அதட்டினான்.

தனுஷ்கோடி அவளுடைய கணவன். சங்கத்தின் செயலாளர். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் ரகசியமாகக் கூடிய இடத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. அடி வாங்கியவர்கள் சிறையில் இருந்தார்கள். அவனை மட்டும் காணவில்லை.

அடுத்த வாரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கிற ஒரு வேனில் அவனை வைத்திருப்பதாகப் பேச்சு வந்தது. ஸ்டூடியோ கேமராவில் மங்கல் வெளிச்சத்திலும் பதிகிற வேகமான ஃபிலிம் போட்டு, அளவையெல்லாம் அவளே வைத்து, பால்பாண்டியிடம் கொடுத்தாள். அவன் ஜென்மத்தில் கேமராவைத் தொட்டதில்லை. ஃபிளாஷ் போடாதே, வேன் ஜன்னலைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இரு என்றாள். அந்தி மங்குகிற நேரம், எதிரே நின்ற லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு ரோல் முழுவதையும் எடுத்துத் தீர்த்துவிட்டான். ஜன்னலுக்குள் தன் கண்ணுக்கு இருட்டுதான் தெரிந்தது என்றான்.

கூட்டம் நடக்கிற இடம் போலீசுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. போஸ்டர் ஒட்டுகிற வேலை இருந்தது. 'எங்கே எங்கள் தோழர்?' அதிலிருந்த முகத்துக்கு டச்சப் செய்தவள் அவள்தான்.

கூட்டத்துக்குப் போன அன்று அவன் ஷேவிங் செட்டையும் எடுத்துப் போயிருந்தான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இடது பாட்டிலை ஊற்றினால் ஜன்னல் இருட்டாகவே இருந்துவிடும். வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அவளுக்கும்தான். போஸ்டரில் இருப்பவனின் மனைவியாகவே காலத்தை ஓட்டிவிடலாம்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பசித்தது.

வலது பாட்டிலை எடுத்து ஊற்றினாள்.

டேங்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இடம் விட்டார்கள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். தின்றாள். சுவரில் யாரோ ஒரு குழந்தையின் மொட்டைத் தலைப் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் ஆனதும் உள்ளே போனாள். படம் நிலைக்க ஹைப்போ. தண்ணீர். மறுபடி தண்ணீர்.

ஃபிலிமை உருவி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழ்; பிரிண்டில்தான் நேராகும். வானம் கறுப்பு. வேனின் வெள்ளைப் பெயிண்ட் கறுப்பு. இருட்டாக இருந்த இடம்தான் கண்ணாடிபோல வெறுமையாக இருக்கும்.

ஜன்னல் வெறுமையாக இல்லை.

பூதக்கண்ணாடியை வைத்தாள்.

தனுஷ்கோடி.

பக்கத்தில் ஒருவன், சட்டையில் போலீஸ் பட்டை, இவன் தோளில் கை போட்டிருந்தான். தனுஷ்கோடியின் தலை அந்தக் கையின் மேல் சாய்ந்திருந்தது. வாய் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வரிசை.

பல்.

அடுத்த படத்திலும் பல். அதற்கடுத்ததிலும். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். வீட்டுப் பக்கம் அது வந்து நாளாயிற்று.

"மதினி, இருக்காகளா?"

"இருக்காக."

பெஞ்ச் சாய்ந்து விழுந்தது. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பால்பாண்டி பூதக்கண்ணாடியை வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். கண்ணாடியை எடுக்காமலே பேசினான்.

"அண்ணன்தான்."

பிறகு கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

"வாயப் பாருங்கடா. வாய் பூராவும் ரத்தம். கறுப்பா உறைஞ்சு போயிருக்கு."

கண்ணாடி கை மாறியது.

"தோளைப் புடிச்சு எப்படி அமுக்குறான் பாரு, நாய்."

"தலை நிக்கல. மயக்கத்துல இருக்காரு."

ஒருவன் சுவரில் ஓங்கிக் குத்தினான். இன்னொருவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். பார்க்கக்கூடாது என்று அவளை யாரோ மெல்ல ஒதுக்கி நிறுத்தினார்கள்.

அவள் ஒதுங்கி நின்றாள்.

"பிரிண்ட் போட்டுருங்க மதினி. பெரிசா. அந்த வாய் நல்லாத் தெரியணும். ஒரு செவரு விடாம ஒட்டுறோம்."

ஃபிலிமைக் கம்பியில் தொங்கவிட்டு அடியில் கிளிப் மாட்டினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"எத்தனை காப்பி வேணும்?"