எடைக் குறைப்பு

கடைசி வளைவுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.

பின்னால் காரில் வரும் எனக்குக் கிடைக்கும் இயற்கைக் காட்சி இதுதான். ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவர், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் மஞ்சள் சட்டையில், மலையைப் பார்த்து முறைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே வழி. எங்கள் குடியிருப்பின் கேட்டில் தொடங்கி, கிடங்குகளையும் கார் ஷோரூம்களையும் தாண்டினால், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே சாலை மலையேறத் தொடங்கும். உச்சியில் ஒரு செல்போன் கோபுரம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இவரும் இவருடைய சைக்கிள் குழுவும் போவார்கள், போட்டோ எடுப்பார்கள், திரும்பி வருவார்கள்.

குழுவில் ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாத்தியாருக்குப் பட்டப்பெயர் புயல். புயல் இன்னும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியிருக்காது.

எனக்கும் ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள். ஆதரவு வாகனம். அதாவது தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், உபரிச் சக்கரங்கள், பக்கத்து சீட்டில் சைக்கிள் கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து வரும் ஓசி டிரைவர்.

என் வீட்டுக்காரருக்கு எடை என்றால் உயிர். சைக்கிளின் எடையைச் சொல்கிறேன். ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தார். மணியைக் கழற்றினார். இரும்புத் திருகுகளுக்குப் பதிலாக அலுமினியத் திருகுகள் போட்டுவிட்டு, பேரன் பிறந்த மாதிரி எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். தொப்பை மட்டும் அவர் கணக்கில் வராது. அது சைக்கிளின் பாகம் இல்லையாம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரண்டு அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள், மலையேற்றம் மட்டும் கூடவே கூடாது என்றார் இதய டாக்டர். வெளியே வந்ததும் இவர், சின்ன மேடு பரவாயில்லையாம் என்று எனக்கே மொழிபெயர்த்தார். நானும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

கெஞ்சினேன். அழுதேன். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தேன். அதை அவர் கவனிக்கவே இல்லை.

அப்புறம்தான் இந்தக் கடைக்காரரைப் பிடித்தேன். சீட்டுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் ஒளித்துவைக்கக்கூடிய குட்டி மோட்டார் ஒன்று இருப்பதாக அவர்தான் சொன்னார். சர்வீஸுக்கு விட்ட சாக்கில் பொருத்திவிட்டோம். செயினுக்கு எண்ணெய் போடுவதாகச் சொல்லி வாங்கிப்போய்ச் சார்ஜ் போடுவது அவர் வேலை. மோட்டாரை ஓடவைக்கும் பொத்தான் என் கைப்பையில்.

மேடு வந்தால் பைக்குள் கையை விட்டு லேசாக அழுத்துவேன். இந்தக் கடைசி வளைவில் மட்டும் நன்றாகவே அழுத்துவேன். சொல்லிவைத்தாற்போல் எழுந்து நின்று பாய்வார். ஏறுவது மோட்டார், பேர் அவருக்கு.

போன வாரம் உச்சியில் தொடையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா, கால்ல இன்னும் சரக்கு இருக்கு!"

இருக்காதா பின்னே. சுத்தமான பேட்டரி சரக்கு. சிரிப்பை அடக்க வாழைப்பழத்தை வாயில் திணித்துக்கொண்டேன்.

கேலி செய்கிறேன்தான். கேலியை எடுத்துவிட்டால் எனக்குள் மிச்சம் இருப்பது பயம் ஒன்றுதான். இந்த மனிதர் எனக்கு உயிரோடு வேண்டும்.

இன்று எழுந்து நின்றவர் பாயவில்லை. சைக்கிள் இடமும் வலமும் தள்ளாடியது. பல் டாக்டர் அவரைத் தாண்டிப் போனார். இன்னும் பலமாக அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் சட்டை முதுகோடு நனைந்து, தலை கைப்பிடிமேல் தொங்கியது.

சார்ஜ் போட்டீர்களா இல்லையா என்று கடைக்காரரிடம் சீறினேன்.

அவர் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"மோட்டாரே இல்லக்கா. ஆறு மாசம் முன்னாடியே சார் கண்டுபுடிச்சு, வெயிட்டு ஜாஸ்தின்னு கழட்டச் சொல்லிட்டாரு. இந்த வளைவுல நீங்க அழுத்துவீங்கன்னு அவருக்குத் தெரியும். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் இங்க மட்டும் எழுந்து நின்னு மூச்சு முட்ட மிதிக்கிறாரு."

பொத்தானிலிருந்து என் விரல் எகிறியது, அடுப்பைத் தொட்ட மாதிரி.

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆறு மாதமாக. இரண்டு ஸ்டென்ட்டோடு.

முன்னால் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் பாயத் தயாரானார்.

நான் காரை நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். அவர் மறுபடி திரும்பியதும் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, வெறுங்கையைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். கடைக்காரர் காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் காலைத் தரையில் ஊன்றினார்.